ஒரு வாயில் இரண்டு மூச்சு

மோட்டாரை நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆன பிறகும் ஒரு குழல் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சிவசங்கரன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானூற்று எண்பது குழல் வைத்து, மோட்டார்க் காற்றில் ஒலிக்கிற புது ஆர்கன். பெட்டியிலிருந்து பிரித்து நிறுத்தி இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. ஏதாவது ஒன்று முனகத்தான் செய்யும். தோல் காய்ந்து மூடி சரியாக உட்காராமல் இருக்கும், காற்றுப்பெட்டியில் மிச்சக் காற்று தங்கியிருக்கும். மதியம் ஒரு மணி தாண்டியிருந்தது. ஷார்ஜாவில் ஜூலை மாதத்து ஒரு மணிக்கு நாய்கூட நிழலை விட்டு வராது. தேவாலயக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள் கேம்புக்குப் போயிருந்தார்கள். நாலு மணி வரைக்கும் அந்தப் புதுக் கட்டடத்தில் அவனும் அவன் குழல்களும்தான். ரோலாவில் அவன் தங்கியிருந்த ரூமில் ஏழு பேருக்கு ஒரு ஃபேன். அந்தக் கும்பலில் போய் வேகுவதைவிட இங்கே தரையில் துண்டை விரித்துப் படுப்பது மேல் என்று நினைத்து, அன்றைக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் படுத்திருந்தான்.

தூக்கம் வரவில்லை. வச்சிரப் பசை வாடை, புதுச் சுண்ணாம்பு வாடை, வெயிலில் சூடேறிய ஈயத்தின் மந்தமான வாடை எல்லாம் கலந்து அறைக்குள் நின்றது. அவற்றுக்கு நடுவே அந்தச் சத்தம். ஸ்வரம் இல்லை அது. உதட்டில் காற்று உரசுகிற சத்தம் மட்டும். பேச வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களிடம் கேட்குமே, அது.

எழுந்து, குழல்களுக்குப் பக்கத்தில் உயரப் போட்டிருந்த பலகை மேல் ஏணியில் ஏறி, வரிசை வரிசையாகக் காதைக் கொடுத்துக்கொண்டு போனான். மூன்றாவது வரிசையில், முழங்கை நீளக் குழல் ஒன்று. விரலை எச்சிலில் நனைத்து அதன் வாய்க்கு முன்னால் பிடித்தான். சில்லென்றது. சரி, காற்று கசிகிறது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விரலை எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். காற்று நின்று, திரும்பி, உள்ளே போனது. பிறகு வெளியே வந்தது. பிறகு உள்ளே.

குழல் ஊதும். இழுக்காது. ஆர்கன் செய்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான்.

அவன் குழலை இரண்டு கையாலும் பிடித்து, துளையிலிருந்து உருவி எடுத்தான். இப்போது அதற்கும் காற்றுப்பெட்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெறும் ஈயக் குழாய். அது அவன் கையில் மூச்சு வாங்கியது. சன்னமாக, வேகமாக, ஓடி வந்து நின்றவர்களைப் போல.

அது எந்தக் குழல் என்று அவனுக்குத் தெரியும்.

தரங்கம்பாடியில் அவன் குடும்பத்துக்கு ஆர்கனாசாரி வீடு என்று பெயர். கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு ஜெர்மன் பாதிரியார் கப்பலில் உடைந்து வந்த ஆர்கனைச் சரிபண்ணக் கொடுக்க, அதைப் பிரித்துப் பார்த்தே அவர் தொழிலைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் விபூதியும் தோளில் பூணூலுமாக நாலு தலைமுறையாகத் தேவாலயங்களுக்கு வாத்தியம் செய்து கொடுக்கிறார்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கப்பல் போன இடமெல்லாம் அவர்கள் குழலும் போனது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுக்கென்று சில முறைகள் உண்டு, அவற்றைப் பாதிரியார் கற்றுக்கொடுக்கவில்லை. குழலுக்குக் காற்று நுழைகிற கால் உண்டு, உடல் உண்டு, நாக்கு உண்டு, உதடு உண்டு. உதட்டைக் கீறித் திறந்ததும் மோட்டார்க் காற்றோ துருத்திக் காற்றோ முதலில் படக்கூடாது. வீட்டு ஆள் ஒருவர் வாய் வைத்து ஊத வேண்டும். அதற்கு முதல் மூச்சு என்று பெயர். யார் ஊதினாரோ அவர் மூச்சில் கொஞ்சம் அந்தக் குழலோடு தங்கிவிடும் என்பது நம்பிக்கை. ஆகையால் அவர் செத்துப்போனால், பிணத்துக்குத் தாடைக்கட்டுப் போடுகிற அதே நேரத்தில் அவர் ஊதிய குழலுக்கும் ஈரத் தோலால் வாயைக் கட்டுவார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்துதான் அறுப்பார்கள். தூர தேசத்துக் குழல் என்றால் தந்தி போகும், அங்கே இருக்கிற ஆள் கட்டுவார். போன உயிர் பழைய வாயைத் தேடி வரும், வந்து நுழைந்துகொண்டால் போகாது என்பார்கள். எல்லோரும் உடனே கட்டிவிடுவதால், கட்டாமல் விட்ட குழல் என்ன செய்யும் என்று பார்த்தவர் யாருமில்லை.

இந்தக் குழலுக்கு முதல் மூச்சு கொடுத்தவள் அவன் மனைவி ஜலஜா.

மாசி மாதம், பெட்டிகள் கொச்சிக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது இந்த ஒரு குழல்தான் பாக்கி. அவனுக்கு உருக்கின ஈயம் தெறித்து உதடு வெந்திருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. ஜலஜாவுக்கு அப்போது நாலு மாதம். வாயும் வயிறுமாக இருக்கிறவள் குழலுக்கு வாய் வைக்கக் கூடாது என்பதும் அந்த வீட்டு முறைதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதெல்லாம் பிறந்த பிறகு. பிறக்கும்வரை இரண்டு பேருக்கும் ஒரே வாய், ஊதினால் இரண்டு மூச்சும் உள்ளே போகும். அவன் தயங்கினான். அவள்தான் சிரித்தாள்.

"அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போவுது. துணைக்கு ரெண்டு மூச்சா இருந்தா நல்லதுதானேங்க."

ஊதினாள். நானூற்று எண்பதில் அதுபோல் பேசின குழல் வேறில்லை. அவனுக்கும் பெருமை தாங்கவில்லை. முறையை நாமே ஒரு தடவை மீறினால் என்ன, குடி முழுகியா போய்விடும் என்று நினைத்தான். அவன் ஷார்ஜாவுக்கு வந்து இறங்கியபோது அவள் கும்பகோணத்துத் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கடைசியாக வந்த கடிதம் பதினாலு நாள் பழசு. கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம், பெண்தான் என்று மனசு சொல்கிறது, வாத்தியத்தை நன்றாக வாசிக்க விட்டு ஒரு தடவை கேட்டு எனக்கு எழுதுங்கள் என்று எழுதியிருந்தாள்.

இப்போது அந்தக் குழல் அவன் கையில் மூச்சு வாங்கியது. அவன் அதைத் துளையில் திரும்ப வைத்தான். கீழே இறங்கி உட்கார்ந்தான். இது நடந்தது சனிக்கிழமை.

உடனே கட்டியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. உயிரோடு இருக்கிறவர் குழலின் வாயைக் கட்டினால் அந்த உயிர் போய்விடும் என்பதும் அதே முறையில் சேர்ந்தது. ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம் பெரிய தாத்தா செத்துவிட்டார் என்று யாரோ சொன்னதை நம்பித் தரங்கம்பாடியில் அவர் குழலைக் கட்டினார்கள். அவர் சாகவில்லை. மாதக்கணக்கில் காட்டு வழியாக நடந்து சிட்டகாங் வரைக்கும் உயிரோடு வந்து சேர்ந்தவர், ஒரு கடை வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி விழுந்தார். கூட நடந்தவர் எழுதின கடிதத்தில் தேதியும் நேரமும் இருந்தன, குழலைக் கட்டின அதே தேதி, அதே நேரம். அந்தத் தேதியை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நிச்சயமான சேதி வராமல் வாய்க்கட்டு கிடையாது என்பது அன்றைக்கு ஏற்பட்ட சட்டம்.

அவள் செத்துப்போயிருந்தால் கட்டாமல் விடுவது பாவம். உயிரோடு இருந்தால் கட்டுவது கொலை. எது என்று சொல்ல இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

சாயங்காலமே ரோலாவுக்கு ஓடினான். நாகூர் நெய்னா முகம்மது அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அந்த வட்டாரத்துத் தமிழாட்களுக்கு அவர் கடைத் தபால்பெட்டி நம்பர்தான் விலாசம். கடிதம் ஒன்றும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் டீ வரவழைத்தார். ஜலஜாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, மனசு சரியில்லை என்று மட்டும் சொன்னான். மற்றதை எப்படிச் சொல்ல? அவரே தந்தி ஆபீசுக்குக் கூட வந்து, மைத்துனன் வாசு பேருக்கு ஜலஜா எப்படி இருக்கிறாள் என்று பதில் தந்தி கேட்டு அடித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தர்காவுக்கு நேர்ந்துகொள்வதாகவும் சொன்னார். நல்ல மனுஷர்.

ஞாயிறு போனது. திங்கள் போனது. காலையில் மோட்டார் ஓடும்வரைக்கும் பரவாயில்லை, நானூற்று எண்பது வாயும் ஒன்றாய்ப் பேசும்போது ஒன்றைத் தனியாகக் கேட்க முடியாது. ஒரு மணி அடித்து ஆட்கள் கலைந்ததும் கதவு சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும். கடைசிக் கதவு. ஜீப் கிளம்புகிற சத்தம். பிறகு அந்த மதியத்தின் கனத்த அமைதி, தகரக் கூரை சூட்டில் படீர் படீரென்று விரிகிற சத்தம், அதற்கும் கீழே அது. மூச்சு. ரூமுக்குப் போய்விடலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம். அவனால் முடியவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. பயந்து செத்தான், ஆனாலும் பலகை மேல் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

திங்கட்கிழமை அது கஷ்டப்பட்டது. நின்று நின்று வந்தது. ஒரு தரம் பத்து எண்ணும்வரை வரவேயில்லை. அவன் எண்ணிக்கொண்டே குழலைத் தடவினான். ஈயம் கதகதப்பாக இருந்தது. அறையே கதகதப்பாக இருந்ததால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் வாய்ப் பக்கம் கை பட்டபோது ஈரமாக இருந்தது. கையை முகர்ந்து பார்த்தான். வியர்வை வாடை. தன்னுடைய வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டான்.

"ஜலஜா," என்றான். "இருக்கியாம்மா?"

மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். நெய்னா முகம்மது. அந்த வெயிலில் கடையைப் பூட்டிவிட்டு நடந்தே வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் தந்தி.

"உக்காரு சிவசங்கரா. நின்னுக்கிட்டு கேக்காத."

அவன் உட்காரவில்லை. சொல்லுங்கள் என்று கையை மட்டும் காட்டினான்.

"புள்ள தங்கலப்பா. பொம்பளப் புள்ள. ஜலஜா நல்லா இருக்கு. நல்லா இருக்குன்னு தெளிவாப் போட்டிருக்கு, இந்தா பாரு."

வாங்கிப் பார்த்தான். அப்படித்தான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் கும்பகோணத்தில் அடித்தது. ஜலஜா நலம். அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பப் படித்தான். தரையில் உட்கார்ந்து, அடிபட்ட பிள்ளையைப் போல் அழுதான். என்ன அழுகை அது என்று அவனுக்கே தெரியவில்லை. பெண்டாட்டி பிழைத்தாள் என்று வருகிற அழுகையும் பிள்ளை போய்விட்டது என்று வருகிற அழுகையும் ஒரே தொண்டை வழியாகத்தானே வர வேண்டும். நெய்னா முகம்மது அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். ரூமுக்குக் கூப்பிட்டார். அவன், கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் அண்ணே என்றான். நாலு மணிக்குக் கடை திறந்ததும் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது எல்லாம் அவனுக்கு விளங்கின மாதிரி இருந்தது. இத்தனை நாளும் ஜலஜா என்று நினைத்துப் பயந்தானே, அது ஜலஜா இல்லை. அத்தனை சன்னமான மூச்சு. அத்தனை சின்னது. குழந்தை. பாவம், வெளியே வந்து சொந்தமாக ஒரு மூச்சு விடக் கொடுத்து வைக்காதது, அம்மா வயிற்றில் இருந்தபோது விட்ட ஒரே மூச்சைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறது. அவனிடம் வந்திருக்கிறது. சேதி நிச்சயமாகிவிட்டது. இனிக் கட்டாமல் விட்டால் இந்த ஊர் மணலில் அலையும். அப்பன் என்று ஒருவன் இருந்து என்ன பிரயோசனம்?

சட்டம் சட்டம் என்று நாலு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவன், அடப் பாவி, அந்த ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

ஆட்டுத்தோலில் விரல் அகல வார் ஒன்று கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்தான். பலகை மேல் ஏறி உட்கார்ந்து, குழலை உருவி எடுத்து மடியில் படுக்க வைத்துக்கொண்டான். பேர் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று தோன்றியது.

"தாமரை," என்றான். "போயிட்டு வாம்மா."

வாரை உதட்டின் மேல் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினான். பின்னால் இழுத்து முடிந்தான். அவிழ்க்க முடியாத முடிச்சு. அது அப்படித்தான் போட வேண்டும். சத்தம் நின்றது.

நாலு நாளில் முதல் தடவையாக அந்த அறை அமைதியானது. கூரை விரிகிற சத்தம்கூட இல்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மடியில் இருந்ததைப் பார்த்தான்.

தோல் உள்ளே போனது.

உதடுகளுக்கு நடுவே, ஒரு குழி. மெல்ல மெல்ல ஆழமாகிற குழி. இழுத்தது. நீளமாக இழுத்தது. சின்ன மூச்சு இல்லை. பெரிய மனுஷி இழுக்கிற மூச்சு. கடைசியில் ஒரு சின்னத் தடுக்கல்.

அவனுக்குத் தெரியும் அந்தத் தடுக்கல். ஜலஜாவுக்குச் சிறு வயதில் இழுப்பு நோய். தூக்கத்தில் ஒவ்வொரு மூச்சும் உள்ளே போய் முடிகிற இடத்தில் அப்படித் தடுக்கும். மூன்று வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவன்.

நேற்றுச் சாயங்காலம் நலம். நேற்றுச் சாயங்காலம்.

ஒரு வாயில் இரண்டு மூச்சு. ஒன்று போய்விட்டது. இன்னொன்று இருந்தது. இருந்ததைத்தான் கட்டியிருக்கிறான்.

முடிச்சில் நகத்தை விட்டான். அவிழவில்லை. ஷார்ஜா வெயில் தோலைக் காயவைக்க ஆரம்பித்திருந்தது. காயக் காய இறுகும். பல்லால் கடித்தான். இறுகியது. குழி இன்னும் ஆழமானது. மடியில் குழல் துள்ளியது. ஈயம் எங்கேயாவது துள்ளுமா? துள்ளியது. கத்தி. கத்தி எங்கே? பலகை ஓரத்தில். எடுத்தான். கை நழுவியது. அறுத்தான். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. தோல் கீழே விழுந்தது.

மூச்சு இல்லை.

அவன் கீறித் திறந்த உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெத்தென்ற ஈயம், அழுந்தி, மூடி. பற்களைக் கடித்துக்கொண்டு மூடின வாய் போல. உளி முனையை நடுவில் கொடுத்து நெம்பினான். கொஞ்சம் திறந்தது. இன்னும் கொஞ்சம்.

"ஜலஜா. ஜலஜா. ஜலஜா."

மூச்சு இல்லை.

குழலின் காலை வாயில் வைத்து ஊதினான். ஈய வாடை தொண்டையில் இறங்கியது. ஊதினான். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினான். நெஞ்சில் இருந்ததை எல்லாம் ஊதினான். கண் இருட்டியது. நிறுத்தி மூச்சு வாங்கலாம் என்று வாயை எடுக்கப் போனான்.

அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தது.

மெல்ல. நீளமாக. அவன் நெஞ்சிலிருந்து. முடிகிற இடத்தில் ஒரு தடுக்கல்.

இருக்கிறாள். அவன் மூக்கால் மூச்சை உள்ளே வாங்கி வாயால் கொடுத்தான். இழுத்துக்கொண்டாள். கொடுத்தான். இழுத்துக்கொண்டாள். ஒரு தரம் அவன் பிந்தினான். உதடுகள் மூடத் தொடங்கின. அதன் பிறகு அவன் பிந்தவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே பாங்கு சொல்லி ஓய்ந்தது. கால் மரத்தது. விரல் நுனி நீலமாயிற்று. கடைவாயில் ஈயம் கிழித்து ரத்தம் வந்தது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம். பலகைக்குக் கீழே நெய்னா முகம்மதுவின் குரல், மதியம் கேட்ட குரல் இல்லை.

"சிவசங்கரா. இன்னொரு தந்தி வந்திருக்குப்பா."

குழலை வாயில் வைத்தபடியே அவன் திரும்பிப் பார்த்தான். அவர் கையில் தாள். பிரித்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான். படிக்க வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம். வாயை மட்டும் எடுக்கவில்லை.

"என்னப்பா பண்றே? இறங்கு. ஐயோ, உன் மூஞ்சி ஏன் இப்படி... இறங்கு ராசா."

கொடுத்தான். இழுத்தது. நீளமாக. தடுக்கலோடு. கொடுத்தான். நெய்னா முகம்மது ஏணியில் ஏறுகிற சத்தம் கேட்டது. இழுத்தது. நீளமாக.

அதன் பின்னாலேயே, அது முடிவதற்கு முன்னாலேயே, இன்னொன்று. குட்டியாக. அவசரமாக. இப்போதுதான் பழகுகிற மாதிரி.

அவன் இரண்டு பேருக்கும் கொடுத்தான்.